ஓவர்குளொக் செய்தபின் கொம்பியூட்டர் நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்புப் பக்கம் கேம் விளையாடும் பெடியளிடம் ஒரு வழக்கம் உண்டு. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிய கையோடு, ஒரு வீடியோவைப் பார்த்து அதை ஓவர்குளொக் செய்துவிடுவார்கள், அதாவது நிறுவனம் வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓடவிடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள், விளையாட்டின் உச்சத்தில் திரை கறுத்துப்போகும். உடனே கூட இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்கள். ஒருவர் "கார்ட் எரிஞ்சு போச்சு" என்பார். மற்றவர் "விண்டோஸ் அடிச்சாச் சரி" என்பார்.

பெரும்பாலும் இரண்டுமே பிழை. எரிந்த கார்ட் அடுத்த நிமிடமே திரும்பவும் படம் காட்டாது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது அரை நாள் வேலை. அதை முடித்துவிட்டு அதே ஓவர்குளொக்கைத் திரும்ப ஏற்றினால் அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் கொம்பியூட்டர் எந்த விதமாக நின்றது என்பதைக் கவனித்தால் காரணத்தைப் பெருமளவு கிட்ட நெருங்கிவிடலாம். அதற்கு ஓவர்குளொக் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கூரைக்கு ஓடு ஏற்றும் வரிசை

வீட்டுக்கு ஓடு போடும் நாளை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் அடுக்கிய ஓடுகள் கைமாறிக் கைமாறி ஏணி வழியே கூரைக்குப் போகும். எல்லோரும் ஒரே தாளத்தில் வாங்கிக் கொடுத்தால்தான் வரிசை ஓடும். தாளம் ஒருமுறை விழும்போது என் கையிலிருக்கும் ஓடு அடுத்தவர் கைக்குப் போயிருக்க வேண்டும். பின்னால் நிற்பவரின் ஓடு என் கைக்கு வந்திருக்க வேண்டும். தாளத்தைக் கொஞ்சம் கூட்டினால், அதே ஆட்களை வைத்தே ஒரு மணித்தியாலத்தில் கூடுதல் ஓடு ஏற்றலாம். இன்னும் இன்னும் கூட்டினால் யாரோ ஒருவரின் கை பிந்தும். மற்ற எல்லோரும் தயாராக இருந்தாலும், அந்த ஒரு மெதுவான கை போதும் ஓடு கீழே விழ.

கார்டுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கார்டின் நடுவில் இருக்கும் பெரிய சிப்புக்கு ஜிபியு என்று பெயர்; படத்தைக் கணக்கிட்டு வரைவது அதுதான். அதற்குள் ட்ரான்சிஸ்டர் எனப்படும் மிகச் சிறிய மின் ஆளிகள் நெருக்கமாக நிற்கின்றன. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற ஒரு நடுத்தரக் கார்டிலேயே அவற்றின் எண்ணிக்கை ஆயிரம் கோடிக்கு மேல். ஒரு கணக்கின் விடை ஓர் ஆளிக் கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குக் கைமாறிப் போகிறது. எப்போது கைமாற வேண்டும் என்று சொல்லும் மின் தாளம்தான் குளொக். செக்கனுக்குப் பத்து லட்சம் தாளம் என்பது ஒரு மெகாஹேர்ட்ஸ்.

அந்த 3060 கார்டுக்கு நிறுவனம் அறிவித்த பூஸ்ட் வேகம் (கார்ட் தானாகக் கூட்டிக்கொள்ளும் வேகம்) 1777 மெகாஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு 177 கோடிக்கும் மேற்பட்ட தாளங்கள். ஒரு தாளத்துக்கும் அடுத்த தாளத்துக்கும் இடையில் ஒளியே ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர்தான் போகும். அவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் மின்குறி ஒன்று பல ஆளிகளைக் கடந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாளத்தை அதைவிடக் கூட்டினால் இடைவெளி இன்னும் சுருங்கும். மின்குறி வந்து சேர முதலே தாளம் விழுந்துவிட்டால், அடுத்த ஆளி பழைய விடையையே தூக்கிக்கொண்டு போய்விடும். 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 வந்துவிடும்.

இந்த இடத்தில் எதுவும் எரியவில்லை, எதுவும் உருகவில்லை. ஒரு கணக்குப் பிழைத்தது, அவ்வளவுதான். அந்தப் பிழை ஒரு புள்ளியின் நிறத்தில் விழுந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும் கட்டளையில் விழுந்தால் கேம் அந்த நொடியே செத்துப்போகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஓவர்குளொக் என்றால் தாளத்தைக் கூட்டுவது. கூட்டினது அளவு மிஞ்சினால் சிப்பின் மெதுவான பாதை ஒன்று பிந்துகிறது. அதிலிருந்து பிழை பிறக்கிறது.

வோல்டேஜும் சூடும்

சரி, அப்படியானால் தயாரித்தவர்கள் ஏன் முழு வேகத்தையும் தராமல் விட்டார்கள்? ஒரே மொடல் கார்ட் இரண்டை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கொஞ்சம் வேகமாக வாய்த்திருக்கும், மற்றது கொஞ்சம் மந்தமாக. மந்தமான சிப்பும், வெக்கையான அறையிலும், சில வருடம் பாவித்த பிறகும், பிழையில்லாமல் ஓடும் அளவுக்கு வேகத்தைக் குறைத்துவைத்துத்தான் விற்கிறார்கள். அந்த இடைவெளியைத்தான் ஓவர்குளொக் செய்பவர் எடுத்துப் பாவிக்கிறார். நண்பனின் கார்ட் கூடுதலாக 150 மெகாஹேர்ட்ஸ் தாங்கியது என்பதால் உங்களுடையதும் தாங்க வேண்டும் என்று இல்லை. வீடியோவில் சொன்ன இலக்கத்தை அப்படியே போடுவதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

வோல்டேஜைக் கூட்டினால் ஆளிகள் விரைவாகத் திறந்து மூடும். அதனால் கூடுதல் தாளத்தையும் தாங்கும். ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். சிப் இழுக்கும் மின்சக்தி தாளத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. தாளத்தை 10 சதவீதம், வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால் சக்தி 20 சதவீதம் கூடும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் 33 சதவீதம் வருகிறது. அந்த 33 சதவீதமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். இவ்வளவுக்கும் கேமில் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. என்னைக் கேட்டால், வோல்டேஜைத் தொடாமல் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

சூடு கூடினால் மின்குறிகள் பிந்தும் ஆபத்தும் கூடுகிறது. வன்னியில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். மார்கழி மழைக்குள், அறை 24 பாகையில் இருக்கும்போது சோதித்துப் பார்த்து "நல்லா ஓடுது" என்று விட்ட ஓவர்குளொக், சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 35 பாகையில் அதே மாதிரி நிற்காது. ஃபான் அதே வேகத்தில் சுற்றினால், அறையில் கூடிய 11 பாகையும் ஏறத்தாழ அப்படியே கார்டின் மேலும் ஏறும். "மூன்று மாதம் ஓடியது, இப்போது திடீரென்று பழுதாகிவிட்டது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த மாதம் செட் பண்ணினீர்கள் என்றுதான்.

இன்னொரு சங்கதி. இன்றைய கார்டுகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. என்விடியா 2012 இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு பூஸ்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. சூடும் சக்தியும் இடம் கொடுத்தால் கார்ட் தானாகவே வேகத்தைக் கூட்டும், சூடு ஏறினால் படிப்படியாக இறக்கும். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டுகளிலும் இப்படி ஒரு முறை உண்டு. ஆகவே நீங்கள் போடும் 100 மெகாஹேர்ட்ஸ் என்பது, ஏற்கனவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு வேகத்தின் மேல் ஏற்றும் கூட்டுத்தொகை. இதற்கு ஓஃப்செட் என்று பெயர். இந்தச் சொல் பின்னால் திரும்ப வரும்.

எப்படி நின்றது?

திருத்தும் வேலையில் பாதி இந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. "நின்றுபோச்சு" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலாவது விதம், கொம்பியூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் கெடும். நிறப் புள்ளிகள், சதுரக் கட்டங்கள், ஒரு பொம்மையின் கையிலிருந்து திரையின் மூலைவரை இழுபட்ட முக்கோணம். இப்படிக் கெட்ட படத்துக்கு ஆர்ட்டிஃபாக்ட் என்று பெயர். புள்ளிகளும் கட்டங்களும் வந்தால் கார்டின் மெமரியை அளவுக்கு மிஞ்சிக் கூட்டிவிட்டீர்கள் என்று முதலில் சந்தேகிக்கலாம். மெமரி என்பது ஜிபியுவைச் சுற்றி இருக்கும் சின்னச் சிப்புகள். வரைய வேண்டிய படங்கள் அங்கேதான் தங்கியிருக்கும். அதற்கென்று தனி குளொக் உண்டு.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஆர்ட்டிஃபாக்ட் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் அதே புள்ளிகள் தெரிந்தால் பிழை கார்டில்தான் உண்டானது. போனில் படம் சுத்தமாக இருந்தால், கார்ட் சரியாக வரைந்து அனுப்பியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கேபிளையும் மொனிட்டரையும் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. கொம்பியூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முதலே, மதர்போர்ட் முதலில் காட்டும் பயோஸ் திரையிலேயே புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது உங்கள் ஓவர்குளொக் அல்ல. ஏன் என்று அடுத்த பகுதியில் விளங்கும். அப்படியான கார்ட் மெமரிச் சிப் பழுதாகியோ சொல்டர் விட்டோ இருக்கலாம்.

இரண்டாவது விதம், திரை ஒரு கணம் கறுத்து, கேம் மூடப்பட்டு, டெஸ்க்டொப் திரும்ப வரும். பாட்டோ பேச்சோ பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஜிபியுவிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டு செக்கன் பொறுத்திருக்கும். அதற்குள் அசைவில்லை என்றால் ஜிபியு மயங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதையும் டிரைவரையும் தட்டி எழுப்பும். டிரைவர் என்பது விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று கதைக்கும் மென்பொருள். எழுப்பியும் எழும்பாவிட்டால் நீலத்திரை வரும். அதில் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று எழுதியிருக்கும். ஓவர்குளொக் மிஞ்சிப்போனதன் அசல் அடையாளம் இந்த விதம்தான். டிரைவரில் இருக்கும் குறைகளாலும் இது வரலாம். எது என்று பிரிக்க, ஓவர்குளொக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, முழுக் கொம்பியூட்டரும் சட்டென்று நின்றுவிடும், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். சத்தம், வெளிச்சம், ஃபான் எல்லாம் ஒரே நொடியில் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. இதில் சந்தேகப்பட வேண்டியது முதலில் கரண்டை.

கேம் நிற்காமல், அரை மணித்தியாலம் போனபின் மட்டும் இழுபடத் தொடங்கினால் அது சூடு. இன்றைய கார்டுகள் சூடானதும் முதலில் தங்களை மெதுவாக்கிக்கொள்ளும். பூஸ்ட் இறங்குவது அப்போதுதான்.

ஞாபகத்தை நம்பாமல் பதிவைப் பார்க்கவும் வழி உண்டு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் இவென்ட் வியூவர் என்று ஒன்று வரும். அதற்குள் விண்டோஸ் லொக்ஸ், பிறகு சிஸ்டம். கேம் நின்ற நேரத்துக்கு இறங்கிப் பாருங்கள். டிஸ்பிளே என்ற பெயரில் 4101 என்ற இலக்கம் இருந்தால், டிரைவரைத் தட்டி எழுப்பியது பதிவாகியிருக்கிறது. கேர்னல் பவர் என்ற பெயரில் 41 இருந்தால், கொம்பியூட்டர் முறைப்படி மூடப்படாமல் நின்றிருக்கிறது. இந்த 41 ஐப் பார்த்துவிட்டு "பவர் சப்ளை போச்சு" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஊரில் கரண்ட் போனாலும் அதே 41 தான் விழும்.

முதல் வேலை, பழைய வேகத்துக்குத் திரும்புவது

எந்த விதமாக நின்றிருந்தாலும் தொடக்கம் இதுதான். ஓவர்குளொக் செய்யப் பாவித்த ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ரீசெட்டை அழுத்தி, தொடக்கத்திலேயே ஓவர்குளொக்கை ஏற்றும் தெரிவையும் எடுத்துவிடுங்கள். பிறகு அதே கேமை அதே இடத்தில் விளையாடிப் பாருங்கள். ராமுக்கு எக்ஸ்எம்பி (ராமின் வேகத்தைக் கூட்டும் தெரிவு) போட்டதும், ப்ராசசரை வேகப்படுத்தியதும் அதே நாளில்தான் என்றால் அவற்றையும் எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே இரவில் மாற்றியிருந்தால் எதைக் குற்றம் சொல்வது?

இந்த இடத்தில் பலர் குழம்புவது ஓவர்குளொக் எங்கே பதிந்திருக்கிறது என்பதில். சாதாரணமாகச் செய்யும் ஓவர்குளொக் கார்டுக்குள் நிரந்தரமாகப் பதியப்படுவதில்லை. விண்டோஸ் வந்தபிறகு அந்த மென்பொருள் ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்றுகிறது. கொம்பியூட்டரை நிறுத்தினால் கார்ட் தன் பழைய வேகத்தை மறக்காமல் வைத்திருக்கும். பயோஸ் திரையில் புள்ளி தெரிந்தால் ஓவர்குளொக் காரணமல்ல என்று சொன்னது இதனால்தான். அந்த நேரத்தில் ஓவர்குளொக் இன்னும் ஏற்றப்படவே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மதர்போர்ட் பற்றரியைக் கழற்றிப் போடுவதால் கார்டின் ஓவர்குளொக் போகாது. அந்தப் பற்றரி காப்பாற்றுவது மதர்போர்டின் செட்டிங்கை. ப்ராசசர், ராம் ஓவர்குளொக் செய்து கொம்பியூட்டர் எழும்பாவிட்டால் அது உதவும். கார்டுக்கு உதவாது.

விண்டோஸ் வந்தவுடன் மென்பொருள் ஓவர்குளொக்கை ஏற்றி, உடனே நின்று, திரும்பவும் வந்து, திரும்பவும் நின்றால்? சேஃப் மோடுக்குப் போங்கள். அதில் விண்டோஸ் கார்டின் முழு டிரைவரையும் ஏற்றாது, ஓவர்குளொக் மென்பொருளும் தானாக ஓடாது. லொகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கு வழி திறக்கும். அங்கே போய் அந்த மென்பொருளை நீக்கிவிட்டால் சுற்று முறியும். ஏஎம்டி கார்டுகளில் அந்த நிறுவனத்தின் மென்பொருளே இப்படியான நிறுத்தத்துக்குப் பிறகு செட்டிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், அதை ஒரு செய்தியாகவும் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பாவித்த கார்ட். 2022 செப்டெம்பரில் எதிரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியபோது, கிராஃபிக்ஸ் கார்டை இரவு பகலாக ஓட்டி அந்த நாணயத்தைச் சம்பாதிப்பது, அதாவது மைனிங் செய்வது, முடிவுக்கு வந்தது. மைனிங்கில் ஓடிய கார்டுகள் பல பிறகு சந்தைக்கு வந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 வகைகளில் சிலவற்றின் உள் மென்பொருளையே மைனிங்குக்காக மாற்றி எழுதியிருப்பார்கள். அது கார்டுக்குள்ளேயே இருக்கும். ரீசெட் அழுத்தினாலும் போகாது. வாங்கிய நாள் தொட்டே ஒழுங்காக ஓடாத 580 ஒன்று உங்களிடம் இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே: பழைய வேகத்தில் எல்லாம் சரியாக ஓடினால் கார்ட் நல்ல கார்ட், நீங்கள் கூட்டியதுதான் கூட. பழைய வேகத்திலும் நின்றால் ஓவர்குளொக்கை மறந்துவிட்டுக் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

கரண்ட்

எங்கள் பக்கத்தில் வரும் பிரச்சினைகளில் ஓவர்குளொக்கின் தலையில் அநியாயமாக விழும் பழி பெரும்பாலும் இங்கேதான்.

ஆர்டிஎக்ஸ் 3060 இன் கணக்குப்படியான சக்தி 170 வாட். என்விடியா அதற்குப் பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. 170 க்கு எதற்கு 550 என்று கேட்பீர்கள். ப்ராசசரும் மற்றவையும் இழுப்பது ஒரு பக்கம். மற்றது, கார்ட் இழுக்கும் சக்தி சீராக இருப்பதில்லை. செக்கனில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு அது 170 ஐத் தாண்டி மேலே பாய்ந்துவிட்டு இறங்கும். மலிவான பவர் சப்ளை அந்தப் பாய்ச்சலைக் கண்டு தன்னைப் பாதுகாக்க நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது விதமாக நிற்பது இப்படித்தான். ஓவர்குளொக் அந்தப் பாய்ச்சலை இன்னும் உயர்த்துகிறது.

பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் கட்டத்துக்குப் போங்கள். கார்டும் ப்ராசசரும் சாப்பிடுவது அங்கிருந்துதான். அதில் 25 அம்பியர் என்று இருந்தால் 12 ஐ 25 ஆல் பெருக்குங்கள்: 300 வாட். பெட்டியில் 500 என்று போட்டதற்கும் உங்கள் கார்டுக்குக் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

அடுத்தது கேபிள். மதர்போர்டில் கார்ட் செருகும் இடத்திலிருந்து 75 வாட் வரை கிடைக்கும். ஆறு முனைக் கேபிள் இன்னொரு 75 வாட், எட்டு முனைக் கேபிள் 150 வாட். இரண்டு கேபிள் கேட்கும் கார்டுக்கு ஒரே வயரில் இரட்டைத் தலை உள்ள கேபிளை மாட்டியிருந்தால், இரண்டு தனி வயராக மாற்றிப் பாருங்கள். செலவில்லாத வேலை. கார்டைக் கழற்றித் திரும்பச் செருகுவதும் அப்படித்தான். ஏ9 வீதியில் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கொம்பியூட்டரில் கார்ட் அரைவாசி கழன்று நிற்பது அதிசயமில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பிறகு, சுவரில் வரும் கரண்ட். 230 வோல்ட் என்பது கணக்கு. பின்னேரம் பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் போடும்போது உங்கள் வீட்டு லைட் மங்குகிறதா? அந்த நொடியில் கொம்பியூட்டருக்கு வரும் வோல்டேஜும் இறங்குகிறது. தரமான பவர் சப்ளை 100 இலிருந்து 240 வரை எதையும் ஏற்றுக்கொள்ளும். மலிவானவை அப்படியல்ல, பாரம் குறைவாக இருக்கும்போது சமாளித்துவிட்டு, கார்ட் முழு வேகத்தில் இழுக்கும்போது கைவிட்டுவிடும். காலையில் ஓடுகிறது, இரவு ஏழு மணிக்கு மட்டும் நிற்கிறது என்றால் இதை நினையுங்கள்.

யூபிஎஸ்ஸும் இதில் சேர்த்தி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் வாங்கிய 650 விஏ யூபிஎஸ் இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. 650 விஏ என்றால் 650 வாட் இல்லை. பல மொடல்களில் அது 360 முதல் 390 வாட் வரைதான். கேம் ஓடும்போது கொம்பியூட்டரும் மொனிட்டரும் சேர்ந்து 330 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஓவர்குளொக் இன்னும் 30 ஐச் சேர்த்தால் விளிம்புக்கே வந்துவிடுகிறீர்கள். கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஏனென்றால் இந்த வகை யூபிஎஸ் சுவர்க் கரண்டையே கடத்திவிடும். வெட்டு விழுந்து பற்றரிக்கு மாறும் கணத்தில்தான் எல்லாம் நிற்கும். வெக்கையில் வருடக்கணக்காக இருந்து பற்றரியும் நலிந்திருந்தால் சொல்லவே வேண்டாம். சோதிக்க வழி இலகு: யூபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் செருகி அதே கேமை விளையாடிப் பாருங்கள்.

தூசி

முள்ளியவளைப் பக்கமிருந்து வந்த ஒரு கொம்பியூட்டரின் பக்க மூடியைத் திறந்தபோது கார்டின் அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. ஃபானுக்குக் கீழே செம்மண்தூசி ஈரம் பட்டு இறுகி, ஒரு துணி விரித்த மாதிரிப் படிந்திருந்தது. ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. ஃபான் முழு வேகத்தில் சுற்றியும் காற்று தகட்டுக்குள் போக வழியில்லை. சொந்தக்காரப் பெடியன் ஓவர்குளொக்கைத் திட்டிக்கொண்டிருந்தான். தூசியை எடுத்தபின் அதே ஓவர்குளொக்கோடு ஓடியது.

துப்புரவாக்கும்போது மென்மையான பிரஷ், காற்றூதும் சின்ன மெசின் போதும். காற்று அடிக்கும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தன் அளவுக்கு மிஞ்சிச் சுற்றிப் பழுதாகும். டயர் கடைக் கொம்பிரசரில் கொண்டுபோய் அடிக்க வேண்டாம். அதிலிருந்து காற்றோடு தண்ணீரும் வரும்.

நிற்காமலே ஏமாற்றும் மெமரி

மெமரி ஓவர்குளொக்கில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஜிடிடிஆர்5 என்ற மெமரி வகையின் காலத்திலிருந்து, மெமரிக்கும் ஜிபியுவுக்கும் இடையில் போகும் தகவல் பிழைத்தால் அதைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் வசதி வந்துவிட்டது. வரிசையில் ஓடு விழுந்தால் கீழே போய் இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது மாதிரி. ஓடு கூரைக்குப் போய்ச் சேரும், ஆனால் நேரம் போகும். இந்த வசதி இயங்கும் கார்டில் மெமரியை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் கேம் நிற்காது, ஆர்ட்டிஃபாக்ட்டும் வராது. வேகம் மட்டும் முன்பிருந்ததைவிடக் குறையும். "நான் ஆயிரம் கூட்டியும் ஒன்றும் ஆகவில்லை" என்று பெருமைப்படுபவரிடம், கூட்டாமல் விட்டபோது செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை கூட்டியதும் ஒரே சோதனையை ஓட்டி இலக்கத்தை எழுதிவைப்பதுதான் இதைப் பிடிக்க ஒரே வழி.

கார்ட் உண்மையில் எரியுமா?

எரியலாம், ஆனால் மென்பொருளில் கோடு ஒன்றை இழுத்ததால் அன்றைக்கே எரிவது அரிது. எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு சக்தி என்பதற்குத் தயாரித்தவர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். ஆஃப்டர்பர்னர் போன்றவை அந்த எல்லைக்குள்தான் விளையாட விடும். உள் மென்பொருளை மாற்றி எல்லையைத் தூக்குபவர்களின் கதை வேறு. கூடிய வோல்டேஜும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் சிப்பைத் தளர்த்தும் என்பது உண்மை. முன்பு தாங்கிய ஓவர்குளொக்கைச் சில வருடத்துக்குப் பிறகு தாங்காமல் போவது அதனால்தான்.

திரும்பவும் கூட்டுவதானால்

ஒன்றை மாற்றுங்கள், சோதியுங்கள், பிறகுதான் அடுத்தது. முதலில் சக்தி எல்லையையும் ஃபான் வேகத்தையும் சரிப்படுத்திவிட்டு, மெமரியைத் தொடாமல் ஜிபியு ஓஃப்செட்டை 15, 20 மெகாஹேர்ட்ஸாகக் கூட்டுங்கள். ஆர்ட்டிஃபாக்ட் வந்தாலோ கேம் மூடினாலோ 30, 40 கீழே இறங்குங்கள். பிறகு அதே முறையில் மெமரி. யூனிஜின் சுப்பர்பொசிஷன், திரீடிமார்க் போன்றவை சோதனைக்கு உதவும். ஆனால் அவை சொல்வதே கடைசி முடிவு இல்லை. ஒவ்வொரு கேமும் சிப்பின் வேறு வேறு பகுதியை வேலை வாங்குகிறது. வலரண்ட் கேமில் நாள் முழுக்க ஓடிய ஓவர்குளொக், ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங் உள்ள கேமில் பத்து நிமிடத்தில் விழலாம்.

கேம் ஓடும்போது ஒன்றுமில்லை, வெளியே வந்து பிரவுசர் திறந்தால் நிற்கிறது என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இங்கேதான் அந்த ஓஃப்செட். நீங்கள் கூட்டிய 120, உச்ச வேகத்தில் மட்டும் ஏறவில்லை. கார்ட் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் ஒரு வேகம் என்று பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் முழுவதும் 120 ஏறியிருக்கிறது. உச்சியில் தாங்கும் கார்ட், குறைந்த வோல்டேஜில் இருக்கும் நடுப்படி ஒன்றில் தாங்காமல் போகலாம். பாரம் குறைந்து கார்ட் அந்தப் படிக்கு இறங்கும்போது விழுகிறது.

சோதிக்க நல்ல நேரம் பங்குனி, சித்திரையில் மத்தியானம் இரண்டு மணி. கதவைச் சாத்தி, அறை எவ்வளவு வெக்கையாகுமோ அவ்வளவு வெக்கையில் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள். அதில் தாங்கும் இலக்கம் மார்கழியிலும் தாங்கும்.

எனக்கென்றால், இந்த வெயிலுக்கு ஓவர்குளொக்கைவிட அதன் எதிர்ப்பக்கம்தான் பிடிக்கும். வேகத்தை அப்படியே விட்டு வோல்டேஜை மட்டும் குறைப்பது. அண்டர்வோல்ட் என்பார்கள். தயாரித்தவர் மந்தமான சிப்புக்கும் சேர்த்துத்தான் வோல்டேஜை வைத்திருக்கிறார் என்பதால் பல கார்டுகள் இதற்கு இடம் கொடுக்கும். 1.05 வோல்ட்டில் ஓடும் கார்ட் ஒன்று அதே வேகத்தில் 0.925 வோல்ட்டில் தாங்கினால், வர்க்கக் கணக்கின்படி சிப்பின் இயக்கச் சக்தி 22 சதவீதம் அளவு குறைகிறது. அளவு மிஞ்சிக் குறைத்தால் மேலே சொன்ன அதே பிழைகள், அதே கறுப்புத் திரை. சோதிக்கும் முறையும் அதேதான். தாங்கிவிட்டால் ஃபான் சத்தம் அடங்கும், சூட்டால் பூஸ்ட் இறங்குவது குறைவதால் சில நேரம் ஃபிரேம் கூடவும் செய்யும். அந்த 650 விஏ யூபிஎஸ்ஸும், கரண்ட் போகும்போது கேமைச் சேவ் பண்ணி மூடுகிற அளவுக்காவது உங்களைத் தாங்கிப் பிடிக்கும்.